வீட்டிலேயே படிக்கும் குழந்தைகள்: முதல் பாடங்களும் வீட்டு ஒழுங்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நான்கு. இருவரும் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டிலேயே படிக்கிறார்கள். ஹோம்ஸ்கூலிங் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கினீர்கள்?" நான் திருப்பிக் கேட்பது, "காலையில் உங்கள் வீடு எப்போது அடங்கும்?" பாடத்திட்டம் சரியில்லாமல் நின்றுபோன வீட்டுப் படிப்பை நான் பார்த்தது குறைவு. பென்சில் கிடைக்காமல், மேசையில் இடமில்லாமல், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ உட்கார நேரமில்லாமல் நின்றுபோனவைதான் அதிகம். அதனால் இங்கே எழுத்து, எண், துணி, பாத்திரம் எல்லாம் கலந்துதான் வரும். மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரைக்குமான விஷயங்கள் மட்டும் இவை.

எந்த வயதில் பாடம் தொடங்கலாம்?

எழுத்துப் பாடத்தைச் சொல்கிறீர்கள் என்றால், அவசரம் வேண்டாம். பின்லாந்தில் குழந்தை ஏழு வயதை எட்டும் ஆண்டில்தான் ஒன்றாம் வகுப்பே தொடங்குகிறது. நான்கு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைகளும் உண்டு, ஆறரை வயதில் சட்டென்று பிடித்துக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. வயதைப் பார்ப்பதைவிட மூன்று அறிகுறிகளைப் பார்ப்பேன். ஒரு கதையை முடியும்வரை உட்கார்ந்து கேட்கிறதா? "மரம் என்ற சொல் எந்த ஒலியில் தொடங்குகிறது?" என்று கேட்டால் "ம" என்கிறதா? புத்தகத்தில் இருக்கும் கோடுகளுக்கும் நாம் பேசுவதற்கும் தொடர்பு இருப்பது அதற்குப் புரிந்திருக்கிறதா? இரண்டாவது இல்லாமல் எழுத்தைத் தொடங்கினால் வெறும் படத்தை மனப்பாடம் செய்வதாக முடியும். அது வரும்வரை ஒலி விளையாட்டு போதும்: "க-வில் தொடங்கும் ஒரு பொருளைக் கொண்டு வா" என்று வீடு முழுக்க ஓடவிடுங்கள்.

வீட்டு ஒழுங்கின் பாடம் மட்டும் மூன்று வயதிலேயே தொடங்கலாம். செருப்பைச் சோடியாக வைப்பது, எடுத்த புத்தகத்தைத் திரும்ப வைப்பது, கொட்டிய தண்ணீரைத் துடைப்பது. 1907-இல் மரியா மாண்டிசோரி ரோமில் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்திலும் கை கழுவுவது, மேசை துடைப்பது போன்ற வேலைகளுக்குப் பெரிய இடம் இருந்தது. கையும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யவும், தொடங்கியதை முடிக்கவும் அங்கேதான் பழகுகிறார்கள். பென்சில் பிடிக்கத் தேவையானவையும் அவைதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பாடம் நடத்துகிறீர்கள்?

கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். நான்கு வயதுக்காரனுக்குப் பத்து நிமிடம், அதுவும் அவன் கேட்டால். ஏழு வயதுக்காரிக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், நான்கைந்து துண்டுகளாக. பள்ளியில் முப்பது பேரை உட்காரவைத்து, வருகை எடுத்து, எல்லோரும் முடிக்கும்வரை காத்திருக்கும் நேரம் வீட்டில் இல்லை. ஒரு துண்டு பதினைந்து இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது என் விதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற கல்வியாளரும் சின்னக் குழந்தைகளுக்குக் குறுகிய பாடமே போதும் என்று வாதிட்டார். குழந்தை நன்றாக ஈடுபட்டிருக்கும்போது, "இன்னும் ஒரு பக்கம் முடித்துவிடலாமே" என்று பெற்றோருக்குத் தோன்றும். அங்கேதான் நிறுத்தவேண்டும். மறுநாள் அதுவாகவே வந்து உட்காரும்.

நேர அட்டவணை எப்படிப் போடுவது? நான் போடும் அட்டவணை மூன்று நாள்கூடத் தாங்குவதில்லை.

மணி போட்டு எழுதுவதை விட்டுவிடுங்கள். "9.00 தமிழ், 9.30 கணக்கு" என்று எழுதினால், 9.10-க்கு ஒரு ஃபோன் வந்ததும் அன்றைய நாளே தோற்றுவிட்டதாகத் தோன்றும். எந்த நிலைமையிலும் வீட்டில் தவறாமல் நடப்பவை சில உண்டு: எழுந்து பல் தேய்ப்பது, காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, குளியல், தூக்கம். பாடத்தை இவற்றோடு கட்டிவிடுங்கள். காலைச் சாப்பாடு முடிந்து மேசை துடைத்ததும் வாசிப்பு. மதியம் சின்னவன் தூங்கியதும் கணக்கு. இரவு படுக்கையில் கதை. சாப்பாடு எட்டரைக்கு வந்தாலும் ஒன்பதேகாலுக்கு வந்தாலும் வரிசை மாறாது. குழந்தைக்கு மணி தெரியாது, "இதற்கு அப்புறம் அது" என்பது தெரியும்.

மேசை துடைப்பதைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையே படிப்பு மேசை. துடைத்த ஈரம் காய்வதற்குள் பெரியவள் பாடப்பெட்டியை எடுத்து வந்துவிடுவாள். நான் "வா, படிக்கலாம்" என்று கூப்பிடவேண்டியதே இல்லை. கூப்பிட்டால்தான் பேரம் தொடங்கும்.

வாரத்துக்கு ஐந்து நாள் பாடம் என்று வைத்திருந்தால், திட்டத்தை நான்கு நாளுக்கு மட்டும் எழுதுங்கள். ஐந்தாவது நாள் காய்ச்சலுக்கு, விருந்தாளிக்கு, குழாய் ரிப்பேருக்கு. எதுவும் வராவிட்டால் நூலகத்துக்குப் போகலாம்.

தமிழ் எழுத்தை அ, ஆ-விலிருந்துதான் தொடங்கவேண்டுமா?

வாயால் பாட, அ ஆ வரிசை நல்லது. அகராதி பார்க்கவும் பின்னால் உதவும். ஆனால் கையால் எழுதுவதற்கு அ, இ, ஈ, ஐ எல்லாம் கடினமான வடிவங்கள். நான்கு வயதுக் கையை முதலிலேயே அ-வின் சுழியில் கொண்டுபோய்ச் சிக்கவைப்பானேன்?

நான் தொடங்கியது ட, ப, ம மூன்றில். மூன்றும் பெரும்பாலும் நேர்கோடுகள். இவற்றோடு புள்ளி வைத்தால் ஒலி சுருங்கும் என்பதை மட்டும் காட்டினால் போதும். ட், ப், ம் வந்துவிடும். உடனே குழந்தையால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படிக்கமுடியும். முதல் வாரத்திலேயே உண்மையான சொல்லைப் படித்துவிட்ட மகிழ்ச்சி இருக்கிறதே, அது அடுத்த ஆறு மாதத்தை இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் ர, க சேர்த்தால் மரம், கரம், கட்டம். அதற்குப் பிறகு துணைக்கால் சேர்த்தால் பாடம், மாடம், காரம், பாரம். இப்படி வடிவத்தில் எளிதாகவும் சொல் அதிகம் தருவதாகவும் இருக்கும் எழுத்தை முன்னால் கொண்டு வாருங்கள். ங, ஞ கடைசியில் வரட்டும், ஒன்றும் குடிமுழுகாது.

ஒரு புது எழுத்தை அறிமுகப்படுத்த நான் மூன்று படி வைத்திருக்கிறேன். முதலில் "இது ப, இது ம." அப்புறம் "ம எது, காட்டு." கடைசியில் மட்டும் "இது என்ன?" எதுவார் செகன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கையாண்ட முறை இது, மாண்டிசோரி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். நம்மில் பலர் முதல் படியிலிருந்து நேராக மூன்றாவதுக்குத் தாவி, "இப்பதானே சொன்னேன்!" என்கிறோம். நடுப்படியில் எவ்வளவு நேரம் விளையாடினாலும் தகும். "ம-வைத் தலையில் வை, ப-வைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வை."

247 எழுத்து! எப்படி முடிப்பது?

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216 உயிர்மெய். அந்த 216-ஐத் தனித்தனியாகக் கற்கவேண்டியதில்லை. க, கா, கி, கீ என்று ஒரு எழுத்துக்குப் புரிந்து, இன்னும் நான்கைந்து எழுத்துக்குச் செய்து பார்த்துவிட்டால், மிச்சத்தில் பெரும்பாலானதைக் குழந்தையே ஊகித்துவிடும். சிக்கும் இடங்கள் இரண்டுதான்.

முதலாவது கொம்பு. கெ, கே, கை எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் இரண்டு பக்கமும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கப் பழகிய குழந்தை இங்கே திகைத்து நிற்கும். கொம்பை ஒரு நிறத்திலும் எழுத்தை வேறு நிறத்திலும் எழுதி, "கொம்பைப் பார்த்தால் நில், அடுத்த எழுத்தோடு சேர்த்துச் சொல்" என்று பழக்கினேன். இரண்டு வாரம் வேறு எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை.

இரண்டாவது உகர வரிசை. இங்கே எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். ஆனால் உற்றுப் பார்த்தால் மூன்று குடும்பம்தான். கீழே ஒரு கோடு இறங்குபவை ஙு, சு, பு, யு, வு. வளைந்து மேலே ஏறுபவை ஞு, ணு, து, நு, லு, று, னு. சுற்றி வருபவை கு, டு, மு, ரு, ழு, ளு. பதினெட்டும் முடிந்தது. அட்டைகளைக் கலைத்துப் போட்டு, "யார் யார் ஒரே குடும்பம்?" என்று பிரிக்கச் சொல்லுங்கள். ஊகார வரிசையை அதற்கு அப்புறம் தனியாக எடுங்கள். அதில் கூ தன் போக்கில் நிற்கும், அதை மட்டும் தனியே பழக்கவேண்டும்.

ர-ற, ல-ள-ழ, ந-ன-ண எங்கே எது வரும் என்பது வேறு பாடம். படிக்கத் தெரிந்து ஒரு வருடம் கழித்து வரட்டும். நிறையப் படித்த கண்ணுக்குப் பாதி அதுவாகவே வரும்.

நாம் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. குழந்தை குழம்பாதா?

குழம்பும், காதில் முன்பே விழாமல் இருந்தால். "வந்தாங்க" என்று பேசும் குழந்தை "வந்தார்கள்" என்பதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தால் அது அந்நிய மொழிபோல இருக்கும். எழுத்தைக் கூட்டிவிடும், சொல் பிடிபடாது. அதற்கு மருந்து ஒன்றுதான்: எழுத்து தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே தினமும் புத்தகத்தைப் புத்தகத் தமிழிலேயே வாசித்துக் காட்டுங்கள். நம்மில் பலர் குழந்தைக்குப் புரியட்டும் என்று வாசிக்கும்போதே பேச்சுத் தமிழுக்கு மாற்றிவிடுகிறோம். மாற்றாதீர்கள். கடினமான வாக்கியம் வந்தால் வாசித்துவிட்டு, அப்புறம் பேச்சில் ஒருமுறை சொல்லுங்கள்.

கதை முடிந்ததும் "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்பேன். சின்னவன் பேச்சுத் தமிழில்தான் சொல்கிறான். இடையில் திடீரென்று "அப்பொழுது ஒரு நரி வந்தது" என்று ஒரு வரி விழும். திருத்தவோ பாராட்டவோ வேண்டாம், விட்டுவிடுங்கள்.

எப்போது எழுதவைப்பது? கை வலிக்கிறது என்கிறான்.

பொய் சொல்லவில்லை, வலிக்கும். பொதுவாக மூன்று வயதில் வட்டம், நான்கு வாக்கில் கூட்டல் குறி, நாலரை வாக்கில் சதுரம், ஐந்துக்கு மேல் முக்கோணம் என்ற வரிசையில் குழந்தைகளால் பார்த்து வரையமுடிகிறது. சதுரம் வராத கையால் "ம" எழுதமுடியாது. அதுவரை மணல் தட்டில் விரலால் எழுதட்டும், ஈரத்துணியால் சுவரோடு ஒட்டிய பலகையில் பெரிதாக வரையட்டும். நிமிர்ந்த பலகையில் வரைந்தால் மணிக்கட்டும் தோளும் உறுதிப்படும். மாவு பிசைவது, துணி பிழிவது, கிளிப் மாட்டுவது எல்லாமே விரலுக்குப் பயிற்சிதான்.

பென்சில் கொடுக்கும்போது குட்டைப் பென்சிலாகக் கொடுங்கள். நீளமானதை முழுக்கையால் பிடிக்கத் தோன்றும், குட்டையானதில் மூன்று விரலுக்குத்தான் இடம் இருக்கும். எழுத்தைத் திருப்பிப் போட்டால் பதறவேண்டாம். ஏழு வயது வரைக்கும் அது பரவலாக நடப்பதுதான்.

ஒரே எழுத்தை ஒரு பக்கம் நிறைய எழுதவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான்காவது வரியிலிருந்து எழுத்து கெட்டுக்கொண்டே போகும். அந்தக் கெட்ட வடிவத்தைத்தான் கை அதிகம் பழகுகிறது. ஐந்து முறை கவனமாக எழுதி, "இதில் எது உனக்குப் பிடித்திருக்கிறது?" என்று அதையே வட்டமிடச் சொன்னால் போதும்.

நேற்றுத் தெரிந்தது இன்று மறந்துபோகிறதே?

மறதி எல்லோருக்கும் உள்ளது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-இல் தன்னையே சோதித்து எழுதியது இதைத்தான். கற்றதில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளில் போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் கூடுதல் நாள் நிற்கிறது.

வீட்டுக்கு ஏற்ற வழி, எழுத்தோ சொல்லோ எழுதிய அட்டைகளைப் போட்டுவைக்கும் ஒரு பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறையின் எளிய வடிவம் இது. ஒரு பெட்டியில் மூன்று தடுப்பு: தினமும், வாரம் இருமுறை, வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தவறினால் முதல் தடுப்புக்குத் திரும்பும். முதல் தடுப்பில் ஆறேழு அட்டைக்கு மேல் சேரவிடாதீர்கள். நிறைந்துவிட்டது என்றால் புதிதாகக் கற்பிப்பதை நிறுத்தவேண்டும் என்று பொருள். நீங்கள் வேகமாகப் போகிறீர்களா என்பதைப் பெட்டியே சொல்லிவிடும்.

கணக்கு? நூறு வரை சொல்கிறாள், ஆனால் கூட்டல் வரவில்லை.

நூறு வரை சொல்வது பாட்டு. எண்ணத் தெரியுமா என்று பார்க்க, ஒரு கிண்ணம் பொத்தானைக் கொடுத்து "ஐந்து பொத்தான் எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே கிண்ணத்தையே காலிசெய்துவிட்டால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. கூட்டலுக்கு முன் அது வரவேண்டும். தட்டு எடுத்து வைப்பது இதற்குச் சரியான பயிற்சி. "நாலு பேர் சாப்பிடுகிறோம், தட்டு கொண்டு வா."

மூன்று நான்கு பொருள் வரைக்கும் எண்ணாமலே கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அதனால் பெரிய எண்ணைச் சின்னக் கூட்டங்களாகப் பார்க்கப் பழக்கவேண்டும். தாயக்கட்டையின் ஆறு புள்ளியை இரண்டு மூன்றாகப் பார்ப்பதுபோல. எங்களுக்கு மிக உதவியது பத்துக் கட்டம். ஒரு தாளில் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை கட்டம், அதில் பொத்தான். ஏழு வைத்தால் மேல்வரிசை நிறைந்து கீழே இரண்டு. பத்துக்கு எவ்வளவு மிச்சம்? மூன்று கட்டம் காலியாகக் கண்ணெதிரே இருக்கிறது. பத்தின் சோடிகளை (9-1, 8-2, 7-3, 6-4, 5-5) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்வரை வேறெங்கும் நான் நகரவில்லை. அது வந்த பிறகு 8+5 கேட்டால், ஐந்திலிருந்து இரண்டை எடுத்துப் பத்தாக்கி, பதின்மூன்று என்று அவளே சொன்னாள்.

தமிழில் எண்ணும்போது எண்பத்தொன்பதுக்கு அடுத்து ஒரு தடங்கல் வரும். தொண்ணூறு என்பதில் நூறு காதில் விழுவதால் நூறு வந்துவிட்டது என்று நினைக்கும் குழந்தைகள் உண்டு. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை ஒன்பது கட்டு வைத்துக் காட்டினால் தெளிந்துவிடும்.

படிப்புச் சாமான், பொம்மை, புத்தகம் எல்லாம் வீடெங்கும் கிடக்கிறது. எப்படி அடுக்குகிறீர்கள்?

முதல் வேலை குறைப்பது. குழந்தைக்கு எட்டும் அலமாரியில் ஒரே நேரத்தில் எட்டுப் பொருளுக்கு மேல் வைப்பதில்லை. மற்றது பரணில் இருக்கும், சில வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். பரணிலிருந்து இறங்கும் பழைய புதிர்ப்படம் புதிதாக வாங்கியதுபோலவே வரவேற்கப்படும்.

இரண்டாவது, மூடி வேண்டாம். ஒரு பொருளைத் திரும்ப வைக்க எத்தனை அசைவு தேவை என்று பாருங்கள். பெட்டியை இழுத்து, மூடி திறந்து, உள்ளே வைத்து, மூடி, தள்ளி என்றால் நான்கு வயதுக் குழந்தை வைக்காது. உண்மையைச் சொன்னால் நாமும் வைப்பதில்லை. திறந்த தட்டு, ஒரே அசைவு. தட்டின் மேல் படம், அலமாரியில் அது இருக்கவேண்டிய இடத்தில் அதே படம். மூடி போட்டுப் பூட்டி வைக்கவேண்டியவை வேறு: கத்தரிக்கோல், பெயிண்ட், பசை, காந்தம், பொத்தான் பேட்டரி.

மூன்றாவது பாடப்பெட்டி. குழந்தைக்கு ஒன்று. இந்த வாரத்து வாசிப்புப் புத்தகம், நோட்டு, சீவிய பென்சில் இரண்டு, அழிப்பான், அட்டைகள். அவ்வளவுதான். அடுத்த வாரத்துச் சாமானை ஞாயிற்றுக்கிழமை மாலை நான் மாற்றி வைப்பேன். அந்த அரைமணி நேரம்தான் எங்கள் பாடத்திட்டமே. வேறு ஒரு திட்ட ஏடும் கிடையாது.

சமையல், துணி, பாத்திரம் எல்லாம் எப்போது முடிகிறது?

முடிவதில்லை. முடியாது என்று ஒப்புக்கொண்டால் பாதிப் பாரம் குறையும். நாள் முழுவதும் ஆள் இருக்கும் வீடு, ஆளில்லாத வீட்டைப்போல் இருக்காது.

ஆனால் எது தேங்கினால் மற்ற எல்லாம் தேங்கும் என்று ஒன்றிரண்டு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். எங்களுக்கு அவை பாத்திரத் தொட்டியும் சாப்பாட்டு மேசையும். இரவில் இவை இரண்டும் காலியாக இருந்தால் மறுநாள் காலைப் பாடம் நடக்கும். வேறு எது குவிந்திருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டில் அது துணியாக இருக்கலாம், வாசல் அறையாக இருக்கலாம். கண்டுபிடித்து அதை மட்டும் தினமும் முடியுங்கள். மற்றவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள். துணி மடிப்பது எங்கள் வீட்டில் கதை நேரத்தில்: கணவர் வாசிப்பார், மீதி மூன்று பேரும் மடிப்போம். என்ன சமைப்பது என்பதை வாரத் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறோம். பாடத்தின் நடுவே என் மூளை பாதி அடுப்படியில் இருந்தது இதற்குப் பிறகுதான் நின்றது.

சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து கால்மணி நேரம் வீட்டை ஒதுக்குவோம். டைமர் அடித்ததும் நிறுத்திவிடுவோம், மிச்சமிருந்தாலும்.

குழந்தைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

மூன்று வயதில் காலுறையைச் சோடி சேர்ப்பது, மேசை துடைப்பது. நான்கைந்தில் தன் தட்டைக் கழுவப் போடுவது, செடிக்குத் தண்ணீர், துணியை நிறம் பார்த்துப் பிரிப்பது. ஆறேழில் கூட்டுவது, துண்டு மடிப்பது, படுக்கையை விரிப்பது. இரண்டு எச்சரிக்கை. அவர்கள் மடித்ததை அவர்கள் கண்முன்னே பிரித்து நீங்கள் மறுபடி மடிக்காதீர்கள். அப்புறம், எல்லா வேலையையும் பாடமாக்காதீர்கள். துணி காயப்போடும்போது "எத்தனை கிளிப், எண்ணு" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் யாருக்கும் அலுக்கும்.

பெரியவளுக்குப் பாடம் நடக்கும்போது சின்னவனை என்ன செய்வது?

பாட நேரத்தில் மட்டும் வெளியே வரும் ஒரு பெட்டி வைத்திருங்கள். மற்ற நேரத்தில் கண்ணிலேயே படக்கூடாது. ஆனால் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் முழுசாக அவனோடு இருங்கள். கவனம் கிடைத்த குழந்தை தனியே விளையாடும், கிடைக்காதது வந்து நோட்டைக் கிழிக்கும். நம் கவனம் தேவைப்படும் புதுப் பாடத்தை அவன் தூங்கும் நேரத்துக்கு ஒதுக்கி, தானே செய்யக்கூடியதைக் காலையில் வைக்கலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் பொத்தான், மணி போன்ற வாய்க்குள் போகும் பொருளைக் கணக்குக்கு எடுக்காதீர்கள். பெரிய கட்டைகள் போதும்.

"மாட்டேன்" என்றால்?

முதலில் பசியா, தூக்கமா என்று பார்ப்பேன். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், ஆறு வயதுக்கு மேல் 9 முதல் 12. இரண்டும் சரி என்றால், "முடியவில்லை" என்பதைத்தான் "மாட்டேன்" என்று சொல்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் அதுதான். ஒரு படி கீழே இறங்கி, நிச்சயம் தெரிந்த ஒன்றைச் செய்யவைத்து, அன்றைக்கு அங்கேயே முடித்துக்கொள்வேன். பாடத்துக்கு மிட்டாய் கொடுப்பதில்லை. தண்டனையாகப் பாடம் கொடுப்பதும் இல்லை.

டேப்லட், வீடியோ?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டல்படி, மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அதே வழிகாட்டல் நாளுக்கு மூன்று மணி நேரம் உடலசைவு வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவதை யாரும் கேட்பதில்லை! எழுத்துச் செயலிகளைப் பற்றி என் கருத்து: திரையில் விரலால் தடவுவது பென்சிலுக்குப் பயிற்சி ஆகாது. நான் சமைக்கும்போது ஒலிக்கதை போடுவேன், அது திரையே இல்லாதது.

இருவருமே வேலைக்குப் போகிறோம். முடியுமா?

பாட நேரம் ஒரு மணிதான் என்பதால், அது பெரிய தடையில்லை. பகலில் குழந்தையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஆள்தான் கேள்வி. அதற்கு விடை இருந்தால் காலையில் இருபது நிமிடம் ஒருவர், மாலையில் அரைமணி மற்றவர், விடுமுறை நாளில் கொஞ்சம் கூடுதல் என்று நடத்தலாம். யார் எந்தப் பாடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே பாடத்தை இருவரும் மாறி மாறி எடுத்தால் "அப்பா இப்படிச் சொல்லலையே" என்று குழந்தை நம்மைத் திருத்தும். விடை இல்லையென்றால், பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலையில் வாசித்துக் காட்டுவதே நல்லது என்பேன்.

மற்ற குழந்தைகளோடு பழகவேண்டாமா?

வேண்டும். தானாக நடக்காது, ஏற்பாடு செய்யவேண்டும். வாரம் ஒருமுறையாவது அதே குழந்தைகளைச் சந்திக்கும்படி இருக்கட்டும். புதுப்புது முகங்களைவிடத் தெரிந்த நாலு பேர்தான் நட்பாகிறார்கள்.

சட்டப்படி சரியா? என்ன பதிவு வைக்கவேண்டும்?

நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். அமெரிக்காவில் 1993-லிருந்து எல்லா மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படியானது, ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை அரசுத் தளத்தில் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

சட்டம் கேட்காவிட்டாலும் நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நடக்கவேண்டியதை அதில் எழுதுவதில்லை, நடந்ததை மட்டும் இரவில் இரண்டு வரி: எந்தப் பக்கம் வாசித்தாள், எங்கே தடுமாறினாள். மாதம் ஒருமுறை தேதி போட்டு ஒரு எழுத்துத் தாள், ஒரு படம், அவள் வாசிப்பதன் ஒலிப்பதிவு. மற்ற தாள்களைத் தூக்கிப் போட்டுவிடலாம். எல்லாவற்றையும் சேர்த்துவைத்தால் அதற்கு ஒரு அலமாரி தேடவேண்டிவரும்.

எதையாவது பார்த்துக் கவலைப்படவேண்டுமா?

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, புத்தகத்தை முகத்துக்கு மிக அருகே வைத்தாலோ, பாட முறையை மாற்றுவதற்கு முன்னால் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். ஒழுங்காகப் பாடம் நடந்தும் ஏழு வயதில் எழுத்தும் ஒலியும் ஒட்டவே இல்லையென்றால், வாசிப்புச் சிரமத்தில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்திருந்தால் இன்னும் முன்னாலேயே காட்டலாம்.

பின்னால் பள்ளியில் சேர்த்தால் திணறுவாளா?

பாடத்தில் திணறுவதைவிட மற்றதில் திணற வாய்ப்பு அதிகம். வீட்டில் தேவைப்படாத சில திறமைகள் பள்ளியில் தேவை: பலகையைப் பார்த்து எழுதுவது, குறித்த நேரத்துக்குள் எழுதி முடிப்பது, தன் முறை வரும்வரை கையைத் தூக்கிக் காத்திருப்பது, தெரியாத பெரியவரிடம் "கழிவறைக்குப் போகவேண்டும்" என்று கேட்பது, இரைச்சலுக்கு நடுவே சாப்பிட்டு முடிப்பது. சேர்ப்பதற்கு மூன்று நான்கு மாதத்துக்கு முன்னால் இவற்றை ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். சுவர்ப்பலகையில் தினமும் நாலு வரி எழுதி வைத்தால் அதைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். டப்பா திறக்கத் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில்தான் மூடியே கிடையாதே.